கல்லில் நின்ற பெயர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிறைவு விழாவில் பேசத்தக்க பொருளாகக் கல்வெட்டைத் தேர்ந்ததும், அதனுள்ளும் இறந்தாரைக் குறிக்கும் கல்லைத் தேர்ந்ததும் சிலருக்கு வியப்பளிக்கலாம். மங்கல நாளில் மரணம் பற்றிய பேச்சா என்று எண்ண வேண்டா. மலர் வெளியிடுவதும் கல் நடுவதும் ஒரே விருப்பத்தின் இரு வடிவங்கள். நாம் மறைந்தபின்னும் நம் பெயர் ஏதேனும் ஓரிடத்தில் நிற்க வேண்டும் என்பதே அவ்விருப்பம். அன்றியும், நாம் கூடியிருக்கும் தருமபுரி மண், தமிழகத்தில் நடுகற்கள் மிகுந்த நிலப்பகுதிகளுள் ஒன்று. இங்கிருந்துகொண்டு நடுகல்லைப் பேசாதிருப்பது, காவிரிக் கரையிலிருந்துகொண்டு நீரைப் பேசாதிருப்பதை ஒக்கும்.

தகடூரும் கல்லும்

தருமபுரியின் பழம்பெயர் தகடூர் என்பதும், அது அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர் என்பதும் இவ்வவை அறிந்தவை. அஞ்சி மறைந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. அவற்றுள் ஒன்றில், அவனுக்கு நட்ட கல்லுக்குப் பீலி சூட்டிக் கள் படைக்கும் காட்சியை அவர் நம்முன் நிறுத்துகிறார். நாடு கொடுப்பினும் கொள்ளாத பெருமகன், சிறு கலத்தில் வார்க்கும் கள்ளைக் கொள்வானோ என்பதே அப்பாடலின் உள்ளீடு. ஆகவே, தகடூரையும் நடுகல்லையும் இணைத்துப் பார்க்கும் மரபு ஔவையாரிடமே தொடங்கிவிட்டது எனலாம்.

1981ஆம் ஆண்டு, திருக்கோவலூருக்கு அண்மையிலுள்ள சம்பையில் கண்டறியப்பட்ட தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைச் சொல்கிறது. புலவர் பாடிய பெயரைப் பாறையும் சொன்னபோது, சங்கப் பாடல்கள் வெறும் கற்பனை என்பார்க்கு விடை கிடைத்தது. மாறாக, அஞ்சியின் போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூல் நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் உரைகளிலும் சில பாடல்களே எஞ்சின. ஓலை அழிந்தது, கல் நின்றது. இதனை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

தொல்காப்பியப் புறத்திணையியல் கல் எடுக்கும் வழக்கை ஆறு நிலைகளாகப் பகுக்கிறது. தக்க கல்லைத் தேடிக் காண்பது முதல் நிலை. அதனைக் கொண்டுவரத் தொடங்குவதும், நீராட்டுவதும், நடுவதும், படையலிட்டுச் சிறப்புச் செய்வதும், இறுதியில் வாழ்த்துவதும் பின்னர் வருவன. சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்துக் காதைகளின் பெயர்களே இவ்வடைவைப் பின்பற்றியவை. இலக்கணமும் காப்பியமும் சொன்ன கல்லைக் கண்ணால் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் வட்டாரங்களின் ஏரிக்கரைகளிலும் புன்செய்க் காடுகளிலும் அவை நின்றன. இன்றும் சில நிற்கின்றன. தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த இரா. நாகசாமி அவர்களின் பதிப்பில் 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ நூல் வெளிவந்தது. தருமபுரி மாவட்டக் கல்வெட்டுகளும் தொடர்ந்து படியெடுத்து வெளியிடப்பெற்றன. நம் நகரின் அகழ்வைப்பகத்தில் இம்மாவட்டத்து நடுகற்கள் பல காப்பாக வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் முன் ஒரு முற்பகலேனும் செலவிடாத கவிஞர் இவ்வட்டத்தில் இருத்தல் கூடாது என்பது என் வேண்டுகோள்.

கல் பேசும் மொழி

ஆறு, ஏழாம் நூற்றாண்டு நடுகற்களின் வாசகங்கள் பெரும்பாலும் வட்டெழுத்தில் அமைந்தவை. அவற்றின் கட்டமைப்பு ஏறத்தாழ ஒரே சீரானது. முதலில் அரசன் பெயரும் அவனது ஆட்சி யாண்டும் வரும். அடுத்து நாடும் ஊரும், வீரன் எந்தத் தலைவனின் சேவகன் என்பதும் வரும். பின் நிகழ்ச்சி: தொறுக் கொண்டபோது, அல்லது தொறு மீட்டபோது, அல்லது ஊரை எறிந்தபோது. தொறு என்பது ஆநிரை. இறுதியில் ‘பட்டான்’ என்னும் ஒரு வினையும், ‘கல்’ என்னும் ஒரு பெயரும். அவ்வளவே.

இதனை இலக்கிய மாணவர் நோக்கில் நுணுகிக் காண்போம். இந்த வாசகத்தில் உவமை இல்லை, அடைமொழி அரிது, ‘அந்தோ’ என்னும் இரக்கக் குறிப்பும் இல்லை. வெட்சி, கரந்தை என்று புலவர் துறை வகுத்த செயலைத்தான் கல்லும் சொல்கிறது. ஆயினும், புலவர் பூச்சூட்டிச் சொன்னதைக் கல் பூவின்றிச் சொல்கிறது. உளி பிடித்தவனுக்கு ஒவ்வோர் எழுத்தும் உழைப்பு. ஆதலால், வேண்டாத எழுத்து ஒன்றையும் அவன் வெட்டான்.

இன்னொன்றும் கருதத்தக்கது. முற்காலப் பல்லவ வேந்தர் தம் செப்பேடுகளைப் பிராகிருதத்திலும் வடமொழியிலும் எழுதுவித்தனர். அவ்வேந்தர் மரபினரின் ஆட்சி யாண்டைக் குறித்து நடப்பட்ட இவ்வூர்க் கற்களோ தமிழில் பேசுகின்றன. அரசவையின் மொழி எதுவாயினும், மாடு மேய்க்கும் நிலத்தில் இறந்தவனை அவன் ஊரார் தம் மொழியிலேயே நினைத்தனர். தமிழ் உரைநடையின் பழைய மாதிரிகளைத் தேடுவோர்க்கு இக்கற்கள் பெருஞ்செல்வம்.

செங்கம் பகுதியின் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. கருந்தேவகத்தி என்னும் வீரன் பட்டதைக் கூறும் அக்கல், அவனுடன் நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கள்ளரைக் கடித்து அந்நாய் காத்து நின்றது என்பது செய்தி. வீரனின் உருவத்தோடு நாயின் உருவமும் அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் போரிட்ட சேவற்கோழிக்கு எடுத்த கல்லும் இவ்வகையினதே. நாயின் பெயரைச் சொல்லும் அச்சிறு தொடருக்கு ஈடான அஞ்சலிக் கவிதையை நம்முள் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? நன்றி என்ற சொல்லே அதில் இல்லை. ஆயினும் நன்றியுணர்வு முழுதும் அதிலுள்ளது.

கல்லின் காலம் மேலும் பின்னோக்கிச் செல்கிறது. 2006ஆம் ஆண்டு தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று கூடல் ஊர் ஆகோளில் பட்ட ஒருவனைக் குறிக்கிறது. ‘ஆகோள்’ என்பது தொல்காப்பியம் ஆளும் சொல். இலக்கணத்தில் துறைப்பெயராக நாம் மனப்பாடம் செய்த சொல், கிறித்துவுக்கு முற்பட்ட காலத்து ஊரொன்றின் கல்லில் ஒரு மனிதனின் சாவாக நிற்கக் காண்கிறோம்.

அயர்லாந்துக் கற்கள்

பேராசிரியர் க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட ஆங்கில ஆய்வு நூலில், நம் வீரநிலைப் பாடல்களைக் கிரேக்க, ஐரிசு, வேல்சு மரபுகளோடு ஒப்பிட்டார். அயர்லாந்தின் பழங்காவியத்தின் மையமும் ஒரு மாடு கவர்தல் போரே என்பதை அறிவோர் அவ்வொப்பீட்டின் பொருத்தத்தை உணர்வர். பாடல்களில் கண்ட ஒப்புமையைக் கற்களிலும் காணலாம் என்பது என் கருத்து.

அயர்லாந்தில் ஏறத்தாழ நானூறு கற்களில் ‘ஓகம்’ என்னும் எழுத்து காணப்படுகிறது. கல்லின் விளிம்பையே கோடாகக் கொண்டு, அதன் இருமருங்கும் கீறல்களால் எழுதும் முறை அது. பெரும்பாலானவை கி.பி. நான்கு முதல் ஆறாம் நூற்றாண்டு வரையிலானவை. நம் பழைய வட்டெழுத்து நடுகற்களுக்குச் சற்று முற்பட்டனவும் சமகாலத்தனவும் ஆகும். அவற்றின் வாசகம் ‘இன்னான் மகன் இன்னானுடையது’ என்பதே. கல் என்ற சொல்லைக்கூட அவர்கள் எழுதவில்லை. கண்முன் நிற்பதை ஏன் எழுத வேண்டும் என்று கருதினர் போலும். ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள், நிலவுலகின் இரு கோடிகளில், இறந்தவனைப் பற்றிச் சொல்ல வேண்டுவது பெயரும் உறவும் என்று ஏறத்தாழ ஒரே காலத்தில் முடிவு செய்தனர்.

பிற்கால அயர்லாந்தின் நாட்டுப்புறப் பங்குக் கோயில்களின் கல்லறைகளிலோ ஒரு வேறுபாடு உண்டு. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கற்கள் பலவற்றில் கல்லை எடுத்தவர் பெயரே முதலில் வரும். இன்ன ஊரில் வாழும் இன்னார் தம் தந்தையின் நினைவாக எடுத்தது என்று தொடங்கி, இறந்த நாளும் அகவையும் பின்னர் வரும். வீட்டிலும் வயலிலும் ஐரிசு பேசிய மக்களின் கல்லறைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பொறிக்கப்பட்டன. தாய்மொழியில் அழுது, ஆட்சிமொழியில் எழுதினர். நம் நடுகற்களோடு இதனை ஒப்பிட்டு நோக்குவார்க்கு, ஒரு மொழி தன் மக்களின் கல்லில் நிற்பதன் பெருமை விளங்கும்.

1888ஆம் ஆண்டு, இறந்தோர் நினைவுச் சின்னங்களைக் காப்பதற்கென்றே அந்நாட்டில் ஒரு கழகம் தோன்றியது. ஆங்காங்கே வாழ்ந்த ஆர்வலர்கள் தத்தம் பங்குகளின் கல்லறை வாசகங்களைப் படியெடுத்து அனுப்ப, கழகத்தின் இதழ் அவற்றை மாவட்ட வாரியாகவும் பங்கு வாரியாகவும் அச்சிட்டது. அக்காலத்தில் அது வேலையற்றோர் வேலையாகச் சிலருக்குத் தோன்றியிருக்கலாம். 1922ஆம் ஆண்டு சூன் மாத இறுதியில், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் நகரின் பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையானது. பல நூறு பங்குகளின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளும், பழைய மக்கள்தொகைக் கணக்கேடுகளும் அதில் அழிந்தன. பல குடும்பங்களுக்கு அதன்பின் எஞ்சிய சான்று, ஊர்க் கல்லறையின் கல்லும், அதனைப் படியெடுத்தவரின் குறிப்பேடுமே. தாள் எரிந்த பின்னரே கல்லின் அருமை தெரிந்தது.

போப்பின் கல்லறை

தமிழ் மேடைகளில் அடிக்கடி பேசப்படும் கல்லறை ஒன்றுண்டு. அது ஆக்சுபோர்டில் உள்ள ஜி. யூ. போப் அவர்களின் கல்லறை. தம் கல்லறையில் தம்மை ஒரு தமிழ் மாணவன் என்று பொறிக்கச் சொன்னார் அவர் என்பது நாம் வழிவழியாகக் கேட்டுவரும் செய்தி. பட்டிமன்றங்களிலும் பாடநூல் விளக்கங்களிலும் இது இடம்பெற்றுவிட்டது. ஆனால் அக்கல்லைப் படித்தவர்கள் அத்தொடரை அங்குக் காணவில்லை. அக்கல் அவரைத் தென்னிந்தியாவைச் சார்ந்தவராகவும், பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு விரிவுரையாளராக இருந்தவராகவும், பேலியல் கல்லூரியின் சமயகுருவாகவும் குறிக்கிறது. கீழைநாட்டு இலக்கியத்துக்கும் மெய்யியலுக்கும் அவர் வாழ்நாளெல்லாம் ஆற்றிய உழைப்பைப் போற்றி, அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அக்கல்லை வைத்தனர் என்று முடிக்கிறது.

என் கேள்வி இது. இல்லாத தொடரைவிட இருக்கும் தொடர் எவ்வகையில் குறைந்தது? திருக்குறளை 1886இலும், நாலடியாரை 1893இலும், திருவாசகத்தை 1900இலும் ஆங்கிலத்தில் தந்த முதியவர் 1908இல் மறைந்தபோது, கடல்கடந்து ஒரு கல் வைப்பதில் தமிழர் பங்குகொண்டனர் என்பது உண்மை. அந்த உண்மை நம் முன்னோரின் நன்றியைப் பற்றியது. அதை விடுத்து, கேட்க இனிக்கும் கதையை நாம் பிடித்துக்கொண்டோம். கல்லைப் படிக்காமல் கல்லைப் பற்றிப் பேசினால் நேர்வது இதுவே. ஆர்வத்தால் ஒரு தொடரைக் கூட்டுவதும், பின்னர் அக்கூட்டலே சான்றாக நிற்பதும் ஆராய்ச்சிக்கு மட்டுமன்றி, போற்றப்படுபவர்க்கும் இழைக்கும் தீங்காகும்.

கல்லில் இல்லாதவர்கள்

நடுகல்லைப் போற்றும்போது அது சொல்லாததையும் சொல்லியாக வேண்டும். தொறு மீட்டவனுக்குக் கல் உண்டு. அவன் மனைவிக்கும் தாய்க்கும் அதில் இடம் அரிது. பிற்காலத்து மாசதிக் கற்களில் உயர்த்திய கையும் வளையும் காணப்படும். ஆணின் அருகில் ஒரு பெண் நிற்பாள். பெரும்பாலானவற்றில் அவள் பெயர் இல்லை. நாய்க்கும் கோழிக்கும் பெயர் வெட்டிய மரபு, தீப்புகுந்த பெண்ணைக் கையாகவும் வளையாகவும் மட்டும் விட்டது. புறநானூற்றில் மகனைப் போருக்கு அனுப்பிய தாயைப் பாடியவர்களுள் பெண்பாற் புலவர் பலர். அப்பாடல்கள் இல்லையேல், கல்லை மட்டும் நம்பினால், அத்தாயர் வாழ்ந்ததே நமக்குத் தெரியாது. இங்கே கல் தவறவிட்டதைப் பாடல் காத்தது. எனவே, ஓலையும் கல்லும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புவன என்று கொள்வதே நேர்மை.

அச்சான பட்டியல்களிலும் இக்குறை உண்டு. சென்னை மாகாணத்துக் கல்லறை, நினைவுச் சின்னங்களின் வாசகங்களை ஜே. ஜே. காட்டன் என்னும் ஆட்சிப்பணி அலுவலர் தொகுத்து 1905இல் வெளியிட்டார். பயனுள்ள பெருநூல் அது. ஆயினும் அதில் இடம்பெற்றோர் பெரும்பாலும் ஐரோப்பியர். அதே மண்ணில் அடங்கிய உள்ளூர் உபதேசியார், பள்ளி ஆசிரியர், செவிலியர் கற்களைத் தொகுக்க அத்தகைய முயற்சி எழவில்லை. யார் பட்டியலிடுகிறாரோ அவர் கண்ணுக்குத் தெரிபவரே பட்டியலில் நிற்பர். நம் ஊரை நாமே பட்டியலிட வேண்டும் என்பதற்கு இதனினும் காரணம் வேண்டா.

பெயர் போய்க் கல் நின்றது

நம் மாவட்டத்திலும் செங்கம், கிருட்டிணகிரிப் பகுதிகளிலும் நடுகற்கள் பல வேடியப்பன் என்னும் பெயரில் வழிபடப்படுகின்றன. மஞ்சளும் எண்ணெயும் பூசி, பொங்கலிட்டுப் படைக்கின்றனர். ஔவையார் கண்ட படையலின் தொடர்ச்சி இது. இவ்வழிபாடே பல கற்களை உடைபடாமல் காத்தது என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது. ஆனால் எண்ணெய்ப் படிவின் கீழ் எழுத்து மறைந்தது. இன்ன ஊரில் இன்ன நாளில் பட்டவன் என்ற தனி மனிதன் மறைந்து, எல்லாக் கல்லும் ஒரே தெய்வமாயின. அகழ்வைப்பகத்திலோ பெயர் படிக்கப்பட்டது, படையல் நின்றது. ஓரிடத்தில் அன்பு உண்டு, பெயர் இல்லை. மற்றோரிடத்தில் பெயர் உண்டு, அன்பு இல்லை. இவ்விரண்டையும் சேர்த்து வைக்கும் கடமை இலக்கியம் கற்றோருடையது.

வழிபாடும் இன்றிக் காவலும் இன்றி நிற்கும் கற்களின் நிலை வேறு. வாய்க்கால் பாலமாகவும் துவைக்கும் கல்லாகவும் ஆனவை உண்டு. சாலை அகலப்படுத்தும்போதும், நிலம் சமன்செய்யப்படும்போதும் மண்ணுக்குள் போவன உண்டு. வழிப்போவோர் அம்பு தீட்டித் தேய்த்ததனால் எழுத்துச் சிதைந்த நடுகல்லை அகநானூற்றுப் பாலைப் பாடல் ஒன்று காட்டுகிறது. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே கவிஞன் கண்ணில் பட்ட கவலை அது. தேய்ந்த எழுத்தைக் கண்டு நின்ற கவிஞன் அன்றிருந்தான். இன்று இருக்கின்றானா?

நாம் செய்யத்தக்கது

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்தின்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலுள்ள நினைவுக் கற்களைப் பதிவு செய்ய வேண்டும். நடுகல், மாசதிக்கல், பங்குக் கோயில் கல்லறை, பள்ளிவாசல் அருகிலுள்ள அடக்கத்தலம், பள்ளிச் சுவரில் பதித்த பலகை ஆகிய எதையும் தள்ள வேண்டா. பாப்பாரப்பட்டியில் 1925இல் மறைந்த சுப்பிரமணிய சிவாவின் நினைவிடம் வரை இவ்வரிசை நீள்கிறது. கல்லைச் சுரண்டுதல், சுண்ணக்கட்டி தேய்த்தல், அமிலம் இடுதல் கூடவே கூடாது. மைப்படி எடுப்பது பயிற்சி பெற்றோர் பணி. அதைத் தொல்லியல் துறைக்கு விட்டுவிடுவோம். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்ந்து விழும்போது எழுத்தின் பள்ளம் நிழலால் தெளியும். அப்பொழுது இன்று நம் கையிலுள்ள கைப்பேசியால் எடுக்கும் படமே போதிய தொடக்கம். வழிபடு கல்லாயின் ஊராரின் இசைவு பெற்றே அணுக வேண்டும். இடம், நோக்கும் திசை, உயரம், அகலம் இவற்றோடு, அக்கல்லைப் பற்றி ஊர் முதியவர், சிறப்பாக மூதாட்டியர், சொல்லும் கதையையும் எழுதிக்கொள்ள வேண்டும். கல்லில் இடம்பெறாத பெண்களின் பெயர் அக்கதைகளிலேனும் கிடைக்கக்கூடும். படிக்க முடிந்ததை மட்டும் எழுதுக. படிக்க இயலாத இடத்தைப் புள்ளியிட்டு விடுக. அந்தப் புள்ளி ஆய்வு நேர்மையின் அடையாளம்.

இரண்டாவது வேண்டுகோள் கவிஞர்களுக்கு. இரங்கற்பா எழுதாத ஆண்டு நமக்கு இல்லை. இமயம் சரிந்தது, சூரியன் மறைந்தது என்று எல்லார்க்கும் ஒன்றையே எழுதினால், யார்க்கும் எதுவும் எழுதவில்லை என்பதே பொருள். இமயத்தின் இடத்தில் வேறொரு பெயரை இட்டாலும் பொருந்தும் பாட்டு, எவருடைய பாட்டும் அன்று. நடுகல் தன் ஒரே தொடரில் பெயரையும் ஊரையும் உறவையும் செயலையும் சொல்லிவிடுகிறது. மறைந்தவர் எந்த ஊரினர், யாருடைய மகள், எதைச் செய்துகொண்டிருந்தபோது மறைந்தார், அவருடன் யார் நின்றனர் என்னும் நான்கையும் முதலில் எழுதிப் பாருங்கள். அதன்பின் உவமை தேவைப்படுகிறதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். கோவிவனின் பெயரை வெட்டிய கல்தச்சனுக்கு அது தேவைப்படவில்லை.

இவ்வட்டத்தின் இருபதாம் ஆண்டு மலரில், நம் மாவட்டத்து ஊர்களின் நினைவுக்கல் பட்டியல் ஒன்று, எழுதியோர் பெயர்களுடன் இடம்பெறுமாயின், அதனினும் நற்பேறு எனக்கில்லை.